முண்ணாண் மறக்காத கடுப்பு

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போகிறவர்களுக்கு அலுவிகாரையைக் கடந்த பிறகு வரும் ஊர் பலாபத்வல. அந்த வீதி நெடுக வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலம் என்று இலங்கையின் பழைய செல்வம் கொடியாகவும் மரமாகவும் அங்கே நிற்கிறது. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருகிறது. மிளகாயின் காரம் கப்சைசினால். கறுவாவின் உறைப்பு சின்னமல்டிஹைட்டால். இவை நாக்கில் போய்த் தொடும் புரதங்கள் சில உண்டு. அதே புரதங்கள் நமது சலப்பைக்குப் போகும் நரம்பு நுனிகளிலும் இருக்கின்றன. நாட்பட்ட சலப்பை வலி, இடுப்புக்குழி வலி ஆகியவற்றைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் கணிசமான பங்கு, இந்தச் சரக்குகளை ஆய்வுகூடத்தில் கருவியாக்கியதால் தெரிய வந்தது.

அந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து, இரண்டு பிள்ளைகள். ஒரு வருடத்துக்கு முன்பு நீர்க்கடுப்பு வந்தது. மருந்து எடுத்தார், காய்ச்சல் போனது, கடுப்பு மட்டும் தங்கிவிட்டது. சலப்பையில் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே அடிவயிறு கடுக்கிறது. போய்விட்டு வந்தால் சற்று ஆறுதல். அரை மணியில் மறுபடியும். இரவில் நாலைந்து தடவை எழும்ப வேண்டும். பஸ்ஸில் கண்டிக்குப் போகப் பயம். கணவரோடு சேர்ந்திருப்பதும் வலிக்கிறது. அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அரச வைத்தியசாலையில் துண்டு எடுத்து, வரிசையில் நின்று, "அடிவயித்துல நெருப்பா கடுக்குது டொக்டர், ஒன்னுக்கு போனாத்தான் நிக்குது" என்கிறார். யூரின் ஃபுல் ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை. கல்ச்சரில் கிருமி வளரவில்லை. ஸ்கேனும் சுத்தம். கமரா விட்டுப் பார்த்தாலும் சலப்பைச் சுவர் வழக்கம்போலவே இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் மெல்லச் சொல்லத் தொடங்குகிறார்கள்: எல்லாம் மனசுதான்.

இந்தப் பெண் கற்பனை. அவருடைய வருத்தம் உலகெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் அனுபவிப்பது. அவர் கையிலிருக்கும் ரிப்போர்ட்டுகள் எல்லாம் சலப்பையைப் பார்த்தவை. வலியைப் பிடித்து வைத்திருப்பதோ பெரும்பாலும் அதற்கு மேலே, முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண். அந்த இடத்தை எந்த ரிப்போர்ட்டும் பார்க்கவில்லை.

இந்த வருத்தத்துக்கு மருத்துவம் வைத்த பழைய பெயர் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ். 1887இல் நியூயோர்க்கைச் சேர்ந்த பெண்நோயியல் வைத்தியர் அலெக்சாண்டர் ஸ்கீன் அந்தப் பெயரை வழங்கினார். 1915இல் பால்ட்டிமோரின் கை ஹன்னர், சலப்பைச் சுவரில் புண் போன்ற சிவந்த இடங்களை விபரித்தார். அதன் பிறகு பல தசாப்தங்களுக்கு வைத்தியர்கள் அந்தப் புண்ணைத் தேடினார்கள். புண் இருப்பவர்கள் சிறுபான்மையினர்தான். புண் இல்லாதவர்களுக்கு வலியும் இருக்காது என்று முடிவு கட்டியதில் எத்தனையோ பெண்களின் வாழ்வு வீணாயிற்று. இப்போது புழங்கும் பெயர் சலப்பை வலிக் குறித்தொகுதி. கிருமித் தொற்றோ வேறு வெளிப்படையான காரணமோ இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் சலப்பையோடு சேர்ந்த வலி இருந்தாலே போதும், அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி அதை ஒரு நோயாக ஏற்கிறது. ஆண்களுக்கும் இது வரும். அவர்களிடம் பெரும்பாலும் புரொஸ்டேட் அழற்சி என்று பெயர் பெற்று, கிருமியே இல்லாமல் வருடக்கணக்கில் அன்டிபயோட்டிக் வாங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் சலப்பையிலிருந்து செய்தி எப்படிக் கிளம்புகிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் சலப்பை 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை தாங்கும். அதில் பாதிக்கும் குறைவாக நிரம்பும்போதே 'கொஞ்சம் இருக்கிறது' என்ற முதல் உணர்வு வந்துவிடும். சுவரின் உட்படலம் நீர் கசியாமல் தடுப்பதோடு நிற்பதில்லை. அது உணரவும் செய்கிறது. படலம் இழுபடும்போது அதன் கலங்கள் ஏடிபி என்ற மூலக்கூறை வெளியிடுகின்றன. 1997இல் முயலின் சலப்பையில் இது நேரடியாக அளக்கப்பட்டது. உடலின் சக்தி நாணயமாகப் பாடப்புத்தகத்தில் வரும் அதே ஏடிபி, நரம்புகளுக்கிடையே செய்தியாளராகவும் வேலை செய்கிறது என்று ஜெஃப்ரி பர்ன்ஸ்டொக் 1972இல் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 2000ஆம் ஆண்டில், ஏடிபியை வாங்கும் பி2எக்ஸ்3 என்ற ஏற்பி இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் சலப்பை நிரம்பியும் சுருங்கத் தாமதித்தது. பர்ன்ஸ்டொக் சொன்னது சலப்பையிலும் பலித்தது.

இழுபடுவதை உணரும் இன்னொரு புரதம் பியேசோ2. ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வுக்குழு கண்டறிந்த புரதம் அது. அது பிறவியிலேயே குறைபட்டவர்களுக்குச் சலப்பை நிரம்பியதே சரியாகத் தெரிவதில்லை என்பது 2020இல் வெளியானது. 1997இல் கப்சைசினை வைத்து ரீஆர்பிவி1 என்ற கார ஏற்பியைக் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ். ஏறக்குறைய 43 பாகை செல்சியஸ் வெப்பத்தில் திறக்கும் அதே வாசலை மிளகாயும் மிளகும் திறக்கின்றன; காரம் சாப்பிட்டால் சுடுவதுபோல் இருப்பதன் காரணம் இதுவே. ஜூலியசும் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கடுகும் கறுவாவும் தட்டுவது இன்னொரு வாசலை. அதன் பெயர் ரீஆர்பிஏ1.

சலப்பையிலிருந்து இரண்டு வகை நார்கள் முண்ணாணுக்குப் போகின்றன. மெல்லிய கொழுப்புறை போர்த்த ஏ-டெல்டா நார்கள் வேகமானவை. அன்றாட நிரம்பலைச் சொல்வது அவை. உறையில்லாத சி நார்கள் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில்தான் செய்தியைக் கடத்தும். 1990இல் ஜேர்மனியின் ஹேப்லர், யெனிக், கொல்ட்சன்பர்க் ஆகிய மூவரும் பூனைகளின் சலப்பை நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். சி நார்களில் பெரும்பாலானவை, சலப்பையை எவ்வளவு நிரப்பினாலும் வாய் திறக்கவில்லை. கடுகெண்ணெய் விட்டு அழற்சியை உண்டாக்கியதும் அவற்றில் சில விழித்துக்கொண்டன. அதன் பின் சாதாரண நிரம்பலுக்கும் அவை செய்தி அனுப்பின. பிறந்ததிலிருந்து பேசாத நரம்புகள் ஒரு தொற்றுக்குப் பிறகு பேச ஆரம்பித்தால், அந்தச் செய்தி முண்ணாணுக்கு முற்றிலும் புதிது. நாட்பட்ட வலியின் கதை இங்கே தொடங்குகிறது.

வளர்ந்தவர்களில் முண்ணாண் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளம். அது முள்ளந்தண்டின் அடிவரை போவதில்லை. முதல் இடுப்பு முள்ளெலும்புக்கு அண்மையிலேயே முடிந்துவிடுகிறது. சலப்பைக்குரிய திருவெலும்புத் துண்டங்கள், அதாவது இரண்டாவதிலிருந்து நான்காவது வரை, அந்தக் கடைசி நுனியில் ஒரு விரல்கடை அளவுக்குள் அடங்கிவிடும். சலப்பை, கருப்பைக் கழுத்து, யோனி, புரொஸ்டேட், மலக்குடல், இடுப்புத்தளத் தசைகள் ஆகிய அத்தனை உறுப்புகளின் செய்திகளும் அந்தச் சிறு இடத்தில் வந்து இறங்குகின்றன. முண்ணாணுக்குள் வரும் உணர்வு நார்களில் உள்ளுறுப்புகளுக்கு உரியவை சொற்பம். தோலுக்கும் தசைக்கும் உரியவையே மிகப் பெரும்பாலானவை. ஆனால் அந்தச் சொற்ப நார்கள் உள்ளே நுழைந்ததும் பரந்து விரிகின்றன. 1989இல் ஜப்பானின் சுகியுரா குழு ஒற்றை நாரைத் தடம் பிடித்துப் பார்த்தது. தோலிலிருந்து வரும் சி நார் குறுகிய ஓரிடத்தில் முடிகிறது. உள்ளுறுப்பு நார் மேலும் கீழுமாகப் பல துண்டங்களுக்கும், சில வேளை மறுபக்கத்துக்கும் கிளை விடுகிறது. ஆகவே உள்ளுறுப்பு வலிக்கு இடம் குறிக்க முடியாது. விரலில் முள் குத்தினால் இடத்தைத் தொட்டுக் காட்டுவோம். அடிவயிற்று வலியை உள்ளங்கையை விரித்து வைத்துத்தான் காட்டுவோம்.

மலையகத் தோட்ட லயங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி பெரும்பாலும் கிடையாது. எல்லோருடைய கடிதமும் தோட்டத்தின் பெயருக்கே வரும். யாருக்குரியது என்று பிரிப்பது பிறகு நடக்கும். திருவெலும்புத் துண்டங்களின் நிலையும் அப்படித்தான். அங்குள்ள நரம்புக் கலங்களில் பல, சலப்பையிடமிருந்தும் மலக்குடலிடமிருந்தும் தொடையின் தோலிடமிருந்தும் ஒரே நேரத்தில் செய்தி வாங்குகின்றன. எந்த உறுப்பு அனுப்பியது என்று மூளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. உள்ளுறுப்பு நோய்களில் தோலின் குறிப்பிட்ட வலயங்கள் நோவதை லண்டனில் ஹென்றி ஹெட் 1893இலேயே படம் போட்டுக் காட்டினார். இந்தக் கலப்பு இன்னொன்றையும் செய்கிறது: ஓர் உறுப்பின் நோயால் கூர்மையடைந்த கலம், அடுத்த உறுப்பின் சாதாரணச் செய்தியையும் வலியாக மேலே அனுப்பும். புளோரிடாவில் கேரன் பெர்க்லியின் ஆய்வுகூடம் எலிகளில் எண்டோமெற்றியோசிஸ் நிலையை உண்டாக்கிப் பார்த்தபோது, அவற்றின் சலப்பை வழக்கத்தைவிடக் குறைந்த அளவிலேயே சுருங்கியது. சலப்பையை யாரும் தொடவில்லை. மாதவிடாய் வலி கடுமையாக உள்ள பெண்களிடம் சலப்பை வலியும் மலக்குடல் எரிச்சலும் சேர்ந்து வருவதை மூன்று தனி நோய்களாக மூன்று கிளினிக்குகளுக்குப் பிரித்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவை போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இனி முண்ணாணுக்குள் நடப்பதைப் பார்ப்போம். 1983இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில், பற்றிக் வோலின் ஆய்வுகூடத்தில் இருந்த கிளிஃபர்ட் வூல்ஃப், 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். எலியின் பாதத்தில் சூட்டுக்காயம் ஏற்பட்ட பின், காலை இழுத்துக்கொள்ளும் மறிவினை கூர்மையடைந்தது. இது எதிர்பார்த்ததே. வூல்ஃப் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். காயம்பட்ட இடத்தை விறைப்பூசியால் மரக்கச் செய்தார். காயத்திலிருந்து செய்தி நின்றுவிட்டது, கூர்மை நிற்கவில்லை. அது முண்ணாணுக்குள் குடியேறிவிட்டிருந்தது. மைய உணர்வேற்றம் என்று பின்னர் பெயர் பெற்ற இந்தக் கருத்து, வலி மருத்துவத்தின் போக்கையே திருப்பியது. அதற்கு முன்பு முண்ணாணை, கீழிருந்து வருவதை அப்படியே மேலே கடத்தும் உறுப்பாகவே பலரும் நினைத்தார்கள். வோலும் ரொனால்ட் மெல்சாக்கும் 1965இல் வைத்த வாயிற் கோட்பாடு அந்த நினைப்பை அசைத்தது. வூல்ஃபின் எலிகள் அதை உடைத்தன.

மூலக்கூறு அளவில் இது எப்படி நடக்கிறது? சி நாரின் முனை குளூட்டமேற்றை வெளியிடுகிறது. மறுபுறம் இருக்கும் கலத்தில் அதை வாங்க இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. ஏஎம்பிஏ ஏற்பி உடனே திறந்து மூடும். அன்றாட வேலை அதனுடையது. என்எம்டிஏ ஏற்பியின் வழியை ஒரு மகனீசியம் அயன் அடைத்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு செய்திக்கு அந்த அடைப்பு விலகாது. செய்தி ஓயாமல் வந்தால், அதோடு சி நார்கள் பொருள் பி என்ற பெப்ரைட்டையும் சேர்த்துக் கொட்டினால், கலத்தின் மின்னழுத்தம் நீண்ட நேரம் உயர்ந்து நிற்கும்; மகனீசியம் விலகும்; கல்சியம் உள்ளே பாயும். பொருள் பி 1931இல் வொன் ஒய்லரும் கடுமும் கண்டெடுத்தது. அதன் வேலை விளங்கப் பல தசாப்தங்கள் பிடித்தன. உள்ளே வந்த கல்சியம் கைனேசு நொதியங்களை எழுப்புகிறது. அவை ஏற்பிகளின் மீது பொசுபேற்றை ஒட்டி அவற்றை எளிதில் திறப்பவையாக்குகின்றன. புதிய ஏஎம்பிஏ ஏற்பிகளைக் கலத்தின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. சிறிது நேரத்தில் கருவுக்குள்ளும் செய்தி போய், மரபணுக்கள் எழுதப்படுகின்றன. சலப்பையில் எரிச்சலூட்டும் பொருளை விட்டால் எலியின் முண்ணாண் நுனியில் சி-ஃபொஸ் என்ற மரபணு விழிப்பதை 1990களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்கில் லோரி பேர்டரும் வில்லியம் டி குரோட்டும் காட்டினார்கள். மூளையில் நினைவு பதிவதற்கும் பெருமளவு இதே மூலக்கூறுகள்தான் வேலை செய்கின்றன. கடுப்பை முண்ணாண் மறக்கவில்லை என்று நான் தலைப்பில் எழுதியதை அலங்காரமாக எடுக்க வேண்டாம்; உயிர்வேதியியலின்படி அது உண்மை.

என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மருந்து ஒன்று உண்டு: கெற்றமின். அப்படியானால் அதைக் கொடுத்துச் சலப்பை வலியைத் தீர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் கெற்றமினைப் போதைக்காகத் தொடர்ந்து எடுப்பவர்களின் சலப்பை சுருங்கிப் புண்ணாகிறது. 2007இல் கனடாவிலிருந்து வந்த ஒரு கட்டுரை முதலில் எச்சரித்தது. கெற்றமினின் கழிவுப் பொருட்கள் சிறுநீரில் சேர்ந்து சுவரைக் கெடுப்பதாகக் கருதப்படுகிறது. முண்ணாணில் சரியாக வேலை செய்யக்கூடிய மூலக்கூறு, அது வெளியேறும் வழியில் அதே உறுப்பைப் பாழாக்குகிறது.

கூர்மை ஏறுவது கதையின் ஒரு பாதி. தடுப்பு தளர்வது மறுபாதி. முண்ணாணில் ஏராளமான கலங்களின் முழுநேர வேலையே செய்தியை அமர்த்துவது. காபா, கிளைசின் என்ற இரண்டு பொருட்களால் அதைச் செய்கின்றன. இவை திறக்கும் வழியில் குளோரைட்டு அயன் கலத்துக்குள் பாய்ந்தால் கலம் அமைதியாகும். அப்படிப் பாய வேண்டுமானால் உள்ளே குளோரைட்டு குறைவாக இருக்க வேண்டும். கேசிசி2 என்ற புரதம் அதை இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. 2005இல் கனடாவின் மைக்கல் சோல்ற்றர், ஈவ் டி கொனின்க் குழுவினர் ஒன்றைக் காட்டினார்கள். நரம்புக் காயத்துக்குப் பின் முண்ணாணில் உள்ள நுண்கிளியாக்கள், அதாவது நரம்புத் தொகுதியின் காவற் கலங்கள், பிடிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் குளோரைட்டின் சமநிலை குலைகிறது. அமர்த்த வேண்டிய காபாவே கலத்தைத் தூண்டத் தொடங்கிவிடலாம். சைக்குளோபொசுபமைட்டு என்ற புற்றுநோய் மருந்தால் எலிகளின் சலப்பையை அழற்சிப்படுத்திய ஆய்வுகளில், முண்ணாணின் அடிப்பகுதியில் நுண்கிளியாக்கள் விழித்து நிற்பது தெரிந்தது. காயம் சலப்பையில், பதற்றம் முண்ணாணில்.

இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது ஒரு விடயம் என்னை வருத்துகிறது. வலி ஆய்வில் நெடுங்காலம் ஆண் எலிகளையே பயன்படுத்தி வந்தார்கள். 2015இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மொகில் குழு, ஆண் சுண்டெலிகளில் நுண்கிளியாவைத் தடுத்தால் நரம்பு வலி குறைவதையும், பெண் சுண்டெலிகளில் அதே தடை பலிக்காததையும் காட்டியது. பெண் சுண்டெலியின் உடல் வேறு நிர்ப்பீடனக் கலங்களின் வழியே அதே வலியை அடைகிறது. சலப்பை வலியால் அதிகம் துன்புறுவது பெண்கள். அவர்களுக்கான மருந்துகளை ஆண் எலியின் முண்ணாணில் தேடிய வருடங்கள் திரும்பி வரப்போவதில்லை.

செய்தி கீழேயிருந்து மேலே மட்டும் போவதில்லை. கூர்மையடைந்த முண்ணாண் திருப்பியும் அனுப்புகிறது. திருவெலும்புத் துண்டங்களில் ஓனுஃப் கரு என்ற சிறு கலக்கூட்டம் இருக்கிறது. ஓனுஃப்ரோவிச் 1899இல் விபரித்தது. சலவாயிலையும் மலவாயிலையும் இறுக்கும் சுருக்கு தசைகளை ஆள்வது அதுதான். வலி நீடிக்கும்போது இந்தத் தசைகளும் இடுப்புத்தளத் தசைகளும் இறுகியே இருக்கின்றன. இறுகிய தசை தானே நோகும். அந்த நோவு மறுபடி அதே துண்டங்களுக்கு வரும். 1998இல் லூக் ஜஸ்மினும் சகாக்களும் செய்த பரிசோதனை இன்னும் வியப்பானது. எலியின் வால் அடியிலுள்ள தசையில் ஒரு வைரசைச் செலுத்தினார்கள். அது நரம்பின் வழியே முண்ணாணை அடைந்து அங்குள்ள சுற்றுகளைக் கிளறியது. சில நாட்களில் எலியின் சலப்பை சிவந்து வீங்கியது. அழற்சி மேலிருந்து கீழே இறங்கி வந்திருந்தது. அப்படியானால் கமரா காட்டும் சிறு சிவப்பு எல்லாம் நோயின் தொடக்கம் என்று கொள்ள முடியாது. சில வேளைகளில் அது நோயின் விளைவு.

மனிதரில் இதற்குச் சான்று உண்டா? கடினமான சான்று ஒன்று உண்டு. 1992இல் சான் பிரான்சிஸ்கோவின் லோரன்ஸ் பாஸ்கினும் எமில் தனாகோவும், இடுப்பு உறுப்புகளே இல்லாத இடுப்பு வலி என்று தலைப்பிட்டு மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தாங்க முடியாத வலிக்காகச் சலப்பையை அகற்றிய பின்னும் அவர்களுக்கு வலி இருந்தது. இன்னொரு சான்று மிளகாயின் வழியே வருகிறது. கப்சைசினைப் போன்றே ரீஆர்பிவி1ஐத் தாக்கி, அதைவிடப் பன்மடங்கு வலியதான ரெசினிஃபெரொக்சின், மொரோக்கோவின் ஒரு கள்ளியிலிருந்து கிடைப்பது. சலப்பைக்குள் அதை விட்டால் நரம்பு நுனிகள் களைத்து ஓயும், வலி தீரும் என்று எதிர்பார்த்தார்கள். 2005இல் வெளியான சோதனையில், 163 நோயாளிகளிடம் அது வெற்று மருந்தைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. நுனியை ஓயவைத்தால் மட்டும் போதாது.

மேலே போகும் பாதையிலும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. வலிச் செய்தி முண்ணாணில் பக்கம் மாறி முன்பக்கப் பாதையில் ஏறும் என்பதே நெடுங்காலப் பாடம். பின்பக்கத் தூண்கள் தொடுகையையும் மூட்டுகளின் நிலையையும் மட்டும் சொல்லும் என்றே அந்தப் பாடம் சொன்னது. இடுப்புப் புற்றுநோயின் வலிக்காகச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் சிலர் முண்ணாணின் நடுக்கோட்டில் சிறு வெட்டுப் போட்டபோது, வெட்டின் அளவுக்குப் பொருந்தாத பெரும் நிவாரணம் கிடைத்தது. காரணம் புரியவில்லை. 1990களின் நடுவில் டெக்சஸின் கல்வெஸ்ரனில் வில்லியம் வில்லிசும் எலி அல்-செயரும் எலிகளில் அந்த நடுக்கோட்டைத் தடம் பிடித்தார்கள்: உள்ளுறுப்பு வலிக்கென்று ஒரு தனிப்பாதை பின்பக்கத் தூண்களின் நடுவில் ஓடுகிறது. 1997இல் அதே நகரின் ஹேரிங் நவ்ட்டா, ஒரு நோயாளியில் அந்தப் பாதையை மட்டும் துண்டித்து இடுப்பு வலியைத் தணித்ததை எழுதினார். இது கடைசிக்கட்ட நோயாளிகளுக்குரிய சிகிச்சை. நம் பலாபத்வலப் பெண்ணுக்கு வேண்டியதில்லை. இடுப்புக்குழி வலிக்கு முண்ணாணில் தனக்கென ஒரு வழி உண்டு என்பதை அது நிறுவியது.

மூளையும் இதில் பங்குகொள்கிறது. நடுமூளையிலிருந்தும் நீள்வளைய மையவிழையத்திலிருந்தும் இறங்கும் நார்கள் நோரட்றினலின், செரற்றோனின் கொண்டு முண்ணாணின் கலங்களை அமர்த்தவும் செய்யும், கிளறவும் செய்யும். நித்திரையின்மையும் ஓயாத பயமும் அந்தத் தராசைக் கிளறும் பக்கம் சாய்க்கின்றன. 'மனசுதான்' என்று சொல்பவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவில் ஐந்து தடவை எழும்புகிறவருக்கு நித்திரை கெடுவது வலியால்தான். அமெரிக்காவின் மப் ஆய்வு வலையமைப்பு இந்த நோயாளிகளை உடல் வரைபடத்தில் வலியுள்ள இடங்களைக் குறிக்கச் சொன்னபோது, நான்கில் மூவர் இடுப்புக்கு வெளியேயும் வலியைக் குறித்தார்கள். ஓர் உறுப்பின் நோய் என்று மட்டும் பார்த்தால் இதற்கு விளக்கம் கிடையாது.

சிகிச்சைக்கு வருவோம். அறிவியல் இவ்வளவு அறிந்தும் மருந்துகள் அதே வேகத்தில் வரவில்லை. நரம்பு வலிக்குப் பரவலாக எழுதப்படும் கபாபென்ரினை, பிரித்தானியாவின் 39 வைத்தியசாலைகளில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 306 பெண்களிடம் சோதித்தார்கள். 2020இல் 'லான்செட்' வெளியிட்ட முடிவு: வெற்று மாத்திரையைவிடப் பயனில்லை, தலைச்சுற்றும் அயர்வும் அதிகம். அமிற்றிப்ரிலின் என்ற பழைய, மலிவான மருந்து இறங்கு நார்களின் அமர்த்தும் வேலைக்குத் துணை செய்கிறது. 2010இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராமையோ அதற்கு மேலோ தாங்கிக்கொண்டவர்களில் 66 வீதம் பேர் தேறினார்கள். வெற்று மாத்திரையில் அது 47 வீதம். முழுக் குழுவையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாக இல்லை. ஆகவே அது சிலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. மருந்தளவை வைத்தியர் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

என்னை அதிகம் கவர்ந்தது மருந்தில்லாத ஒரு சோதனை. 2012இல் வெளியான அந்த ஆய்வில், சலப்பை வலியுள்ள 81 பெண்களில் ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர்கள் இடுப்புத்தளத்தின் இறுகிய தசைகளை விரலால் தேடித் தளர்த்தினார்கள். மறுபாதியினருக்கு உடல் முழுவதற்குமான பொதுவான மசாஜ். முதற்குழுவில் 59 வீதம் பேர் தேறினார்கள், இரண்டாவதில் 26 வீதம் பேர். முண்ணாணுக்குத் திரும்பி வரும் தசைச் செய்தியைக் குறைத்ததும் வளையம் தளர்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் பெண்களின் இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்ற பெண் இயன்மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சை வேண்டுகிறேன்.

இன்னொரு வேண்டுகோள் தோட்ட நிர்வாகங்களுக்கு. 2006இல் அமெரிக்காவின் அலபாமாவில் ரிமதி நெஸ் உள்ளிட்டோர் செய்த ஆய்வில், குட்டிப் பருவத்தில் சலப்பை அழற்சிக்கு ஆளான எலிகள் வளர்ந்த பின்னும் அதிக வலியுணர்வோடு இருந்தன. பெண் பிள்ளைகளின் நீர்க்கடுப்பை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இது போதிய காரணம். மலையக மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வேலைத்தளத்தில் பெரும்பாலும் மலசலகூடம் இல்லை. மணிக்கணக்கில் அடக்குகிறார்கள், அடக்க வேண்டும் என்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அடக்குவதால் மட்டும் இந்த நோய் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொற்றுக்கு அது வழி. தொற்று, உறங்கும் சி நார்களுக்கு அழைப்பு. மலையில் ஒரு மலசலகூடம் கட்டுவது முண்ணாணைக் காக்கும் வேலையும் ஆகும்.

இந்த வருத்தம் உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ இருந்தால், மூன்று நாட்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, வலி எப்போது ஏறியது, எப்போது தணிந்தது. அதை வைத்தியரிடம் காட்டுங்கள். கல்ச்சரில் கிருமி வளராமல் மறுபடி மறுபடி அன்டிபயோட்டிக் எழுதப்பட்டால் ஏன் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. தாம்பத்தியத்தில் வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள், நோயை அடையாளம் காண அது உதவும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிதல் இருந்தால் இந்த அத்தியாயத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். திடீரென்று சலம் போகாமல் நின்றாலோ, இரு தொடைகளின் இடைப்பகுதி மரத்துப்போனாலோ, கால்கள் பலமிழந்தாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முண்ணாணின் நுனிக்குக் கீழே இறங்கும் நரம்புகள் நசுங்கியிருக்கக் கூடும், அதற்கு மணித்தியாலங்கள்தான் அவகாசம்.